ரீங்காரக் கோஷ்டிக்கு ஈடு

மகாபலிபுரம்
6-2-1978

மாப்பிள்ளை வாசுதேவனுக்கு சடையப்பன் எழுதுவது.

நலமா என்று கேட்க மாட்டேன். நலமாகத்தான் இருப்பாய். பிறத்தியான் பொருளை அழித்தவன் எவன் மெலிந்து போயிருக்கிறான்? என் தங்கச்சி ஆதியம்மாளும் உங்கள் மகள் வச்சலாவும் சுகமாக இருக்கட்டும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் மேலும் இல்லை. கோபப்படுகிற அளவுக்கு உன்னிடம் சரக்கு கிடையாது.

வச்சலா நிச்சயதார்த்தத்துக்கு வேண்டும் என்று என் டேப்ரிகார்டரை வாங்கிக்கொண்டு போனாய். உள்ளே ஒரு கேசட் இருக்கிறது, அதை எடுத்து பத்திரமாக வைத்துவிட்டு வேறு போட்டுக்கொள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். சரி சரி என்று தலையாட்டினாய். தலை ஆடினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று நம்பினது என் தப்பு. நேற்று பெட்டி திரும்பி வந்தது. சாயங்காலம் வெற்றிலை போட்டுக்கொண்டு ஆசையாகப் பொத்தானை அமுக்குகிறேன். "ஹலோ. ஹலோ. மைக் டெஸ்டிங். ஒன், டூ, த்ரீ." உன் குரல். சரி, முடிந்துவிடும் என்று பார்த்தால் மறுபடி ஒன், டூ, த்ரீ. நடுவில் கடப்பாக்கத்துச் சம்பந்தி வீட்டுப் பெரியவர் பார்த்தசாரதி தொண்டையைக் கனைக்கிறார். ஏதோ ஒரு குழந்தை வடை கேட்டு அழுகிறது. திரும்பவும் ஹலோ. கேசட்டைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் நீதான். மைக் செட் வாடகைக்கு விட்டு இத்தனை வருஷமாகப் பிழைக்கிறாயே, மூன்றுக்கு மேல் எண்ணக் கற்றுக்கொள்ளவே இல்லையா?

நீ அழித்தது என்ன தெரியுமா? மழைக்காலம் பூராவும் என் கீற்றுக் குடிசையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் தங்கியிருந்தான். வாடகைக்கும் தின்ற சுறாப்புட்டுக்கும் பதிலாகப் பெட்டியையும் கேசட்டையும் விட்டுவிட்டுப் போனான். மேலே எழுதியிருந்த பேரைப் படிக்க இங்கே ஆள் இல்லை. இருமல் மருந்தின் பேர் மாதிரி இருக்கிறது என்றாள் என் வீட்டுக்காரி சாந்தா. நானே ரீங்காரக் கோஷ்டி என்று பேர் வைத்துக்கொண்டேன். கித்தாரும் டிரம்மும் எந்தக் கோஷ்டியிலும் இருக்கும். இவர்களிடம் அதற்கெல்லாம் கீழே ஒரு மிஷின் சத்தம் ஓடும். முங்குகிறபோது தூரத்தில் போகிற லாஞ்சு எஞ்சின் தண்ணீருக்குள் கேட்குமே, அந்த மாதிரி. அதன் மேலே சளி பிடித்த ஒருவன் முனகிக்கொண்டு போவான்.

இப்போது நான் சொல்வதைக் காதைக் கழுவிவிட்டுக் கேள். வைகாசியில் கல்யாணம். பெண் மணையில் உட்கார்ந்ததும் தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும்; அப்புறம்தான் மற்றவன் கை அங்கே படலாம். வச்சலாவுக்கு நான் ஒருவன்தான் தாய்மாமன். அந்தக் கோஷ்டிக்கு ஈடாக இன்னொரு கோஷ்டியைத் தேடிக் கொண்டுவா. வந்தால் என் கை பட்டம் கட்டும். வராவிட்டால் நீயே மணைக்கு எதிரில் நின்று ஒன், டூ, த்ரீ சொல்லிக்கொள்.

சடையப்பன்


செங்கல்பட்டு
12-2-1978

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு வாசுதேவன் எழுதிக்கொள்வது.

கடிதம் கிடைத்தது. எனக்குக் கிடைப்பதற்கு முன்னால் ஆதியம்மாளுக்குக் கிடைத்துவிட்டது. வச்சலாவை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். ஒன், டூ, த்ரீ வந்த இடத்தில் தாயும் மகளும் சிரித்தது கடைவரைக்கும் கேட்டது. என் வீட்டிலேயே என்னைப் பார்த்துச் சிரிக்க ஆள் ஏற்பாடு செய்து கொடுத்ததற்கு நன்றி.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நிச்சயதார்த்தத்தன்று காலையில்தான் எனக்குப் புது மைக் வந்தது. தொழில் செய்கிறவன் புது மைக்கைச் சோதிக்காமல் சபையில் வைக்க முடியாது. பேசிப் பதிவு செய்து கேட்டால்தான் அது குரலை எப்படி வாங்குகிறது என்று தெரியும். உங்கள் கேசட்டை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் அதன் மேல் பதிந்தேன். உள்ளே இருந்தது பாட்டு என்று எனக்குத் தோன்றவில்லை. கேசட் பழுது என்றுதான் நினைத்தேன். சாமி சத்தியமாக.

வாசு ரேடியோ சர்வீஸ் என்றால் இந்தத் தாலுகாவில் தெரியாதவர்கள் இல்லை. ஏன் தெரியும்? உறுமல் இல்லாத செட் என்பதால் தெரியும். நீங்கள் ரசித்த அந்தச் சத்தம் என் ஆம்ப்ளிபயரில் வந்தால் கல்யாண வீட்டார் என்னைப் பந்தல் வாழைமரத்தில் கட்டிவைத்து அடிப்பார்கள். அதை நீங்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்கிறீர்கள். அங்கே கடற்கரை நாய்கள் வெள்ளைக்காரன் பின்னாலேயே திரிகின்றன என்று கேள்விப்பட்டேன். நாயோடு நிற்கும் என்று நினைத்தேன்.

பட்டம் கட்ட வரமாட்டேன் என்பது உங்கள் வழக்கமான கிண்டல் என்று எனக்குத் தெரியும். ஆதியம்மாளுக்குத் தெரியவில்லை. அண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்று இருக்கிறாள். எனக்குக் குழம்பில் மீன் வருவது நின்று நாலு நாள் ஆகிறது.

இத்துடன் ஒரு கேசட் அனுப்பியிருக்கிறேன். மெட்ராஸ் மெல்லிசைக் கோஷ்டி ஒன்றின் கச்சேரி. எலெக்ட்ரிக் ஆர்கன் உண்டு. காஞ்சிபுரத்தில் என் செட்டில் நானே பதிந்தது. ஒரு துளி இரைச்சல் கிடையாது. கேட்டுவிட்டு, வருகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

வாசுதேவன்


மகாபலிபுரம்
25-2-1978

மாப்பிள்ளைக்கு,

ஒரு துளி இரைச்சல் கிடையாது என்று எழுதியிருந்தாய். அந்தக் கேசட்டுக்கு வியாதியே அதுதான்.

உன் எலெக்ட்ரிக் ஆர்கன்காரன் கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி ஒவ்வொன்றாக வைக்கிறான். எங்கே கட்டை தேய்ந்துவிடுமோ என்று பயப்படுகிறான் போலிருக்கிறது. பாடுகிறவன் அதற்கு மேல். முதல் பாட்டில் அம்மாவை மதி என்றான். இரண்டாவது பாட்டில் உழைத்தால் உயரலாம் என்றான். மூன்றாவதில் பெண்ணை நம்பாதே என்றான். அவன் யார் எனக்குப் புத்தி சொல்ல? பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்த சாந்தா, "இவன் வூட்ல இவன் சொல்றத யாரும் கேக்கலபோல. அதான் ஊருக்குச் சொல்லிக்கினு கீறான்" என்றாள். அதற்குமேல் விமரிசனம் எழுத எனக்குப் படிப்பு போதாது.

உன்னை நம்பிப் பயனில்லை என்று நானும் இங்கே தேடிப் பார்த்தேன். குடிசை குடிசையாகப் போய் வெள்ளைக்காரர்களைக் கேட்டேன். கேட்டேன் என்றால் எந்தப் பாஷையில் கேட்பது? வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ம்ம்ம்ம் என்று அந்த மிஷின் சத்தத்தைச் செய்து காட்டினேன். ஒரு அம்மாள் ஓடிப்போய் வயிற்றுவலி மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள். இன்னொருவன் புரிந்துகொண்டு ஒரு கேசட் போட்டான். அதில் ஒருவன் கால் கட்டைவிரலை நண்டு கவ்வினாற்போல் கத்துகிறான். கத்தி முடித்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி கவ்வச்சொல்லிக் காலை நீட்டுகிறான். அடுத்த குடிசையில் ஊதுபத்தி ஏற்றிவைத்து சித்தார் கேட்கிறார்கள். நம்ம ஊர் சரக்கை ஏழு கடல் தாண்டி வாங்கிக்கொண்டு வந்து நமக்கே போட்டுக் காட்டுகிறார்கள். எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. ரொம்பவும் ரசிக்கிறேன் என்று நினைத்து அந்தப் பையன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காமல் கேள். இந்தக் கரையில் எந்தச் சத்தமும் சும்மா வராது. சங்கு ஊதினால் சாவு. பம்பை அடித்தால் அம்மன் கூப்பிடுகிறாள். ரேடியோ இரைந்தால் புயல். சாந்தா குரல் வந்தால் ஏதோ வேலை. என் ரீங்காரக் கோஷ்டி ஒன்றுதான் என்னிடம் ஒன்றும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல்தான் நீ ஹலோ சொன்னாய்.

உன் மெட்ராஸ் கேசட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இங்கே யாரும் அழிக்கவில்லை. அழிக்கும் அளவுக்குக்கூட அதில் ஒன்றும் இல்லை.

சடையப்பன்


செங்கல்பட்டு
14-3-1978

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்களுக்காக நான் மெட்ராஸ் போனேன். பர்மா பஜாரில் வெளிநாட்டுக் கேசட் கிடைக்கும் என்றார்கள். கடைக்காரன் என்ன கோஷ்டி என்று கேட்டான். பேர் தெரியாது என்றேன். பாட்டு என்ன என்றான். தெரியாது என்றேன். அப்புறம் எதை வைத்துத் தேடுவது என்றான். வேறு வழியில்லாமல் நானும் உங்களைப் போலவே வாயால் உறுமிக் காட்டினேன். நடுபஜாரில், கோட்டு சூட்டு போட்ட மனிதர்கள் வாட்ச் வாங்கிக்கொண்டு நிற்கிற இடத்தில். கடைக்காரன் பக்கத்துக் கடை ஆளையும் கூப்பிட்டு இன்னொரு தரம் செய்து காட்டச் சொன்னான். செய்தேன். "இன்னா நைனா, மோட்டாரு ரிப்பேருக்கு வந்தியா? அது அடுத்த தெரு" என்றான். உறுமலே இல்லாமல் செட் நடத்துகிறவன் என்று பேர் எடுத்த நான் அங்கே உறுமிக்கொண்டு நின்றேன். கடைசியில் எதையோ எடுத்து, இதுதான் அது என்று என் தலையில் கட்டினான். அதை அனுப்பியிருக்கிறேன். நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தெம்பில்லை.

கிண்டலை இத்தோடு நிறுத்துங்கள். விஷயம் வேறு மாதிரி போகிறது. போன வாரம் பார்த்தசாரதி பத்திரிகை அடிக்கிற விஷயமாக வந்தார். தாய்மாமன் பேரைப் போடலாமா என்று கேட்டார். உங்கள் கடிதத்தில் உள்ளது எப்படியோ கடப்பாக்கம்வரை போயிருக்கிறது. நான் அவருக்குக் காபி கொண்டுவரச் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "தாய்மாமன் வராத வூட்ல இன்னாவோ கீதுன்னுதான் ஊரு பேசும். பொண்ணு மேல எதனா சொல்லுவாங்க. எங்க ஆளுங்க கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

என்ன பதில் சொல்வேன்? ஒரு கேசட்டுக்காக மச்சான் முறுக்கிக்கொண்டிருக்கிறார் என்றால் எவன் நம்புவான்? பொய் சொல்கிறான், பெண்ணிடம்தான் ஏதோ குறை என்பான். உங்களுக்கு விளையாட்டு. வச்சலாவுக்கு அது பேர் கெட்டுப்போகிற விஷயம்.

அவர் போன பிறகு ஆதியம்மாள் அடுப்படியிலிருந்து வந்து என் எதிரில் நின்றாள். "எங்கண்ணன் கை படாம எம்பொண்ணு மணையில குந்தாது. அந்த உறுமல எங்கனா தேடி கொண்ணாந்து குடு" என்றாள். ஒரு மாதத்தில் அவள் என்னிடம் பேசின ஒரே பேச்சு அது.

வாசுதேவன்


மகாபலிபுரம்
2-4-1978

மாப்பிள்ளைக்கு,

நீ பர்மா பஜாரில் உறுமினதைப் படித்துவிட்டு மூன்று முறை மடித்துப் பிரித்துப் படித்தேன். கடிதத்தைப் படகுக்காரர்களுக்கும் படித்துக் காட்டினேன். உன்னை நேரில் பார்க்காதவர்கள்கூட உன் மேல் பிரியமாகிவிட்டார்கள்.

அந்தக் கேசட்டைப் போட்டேன். முதலில் ஒரு பாட்டு. மோசமில்லை, சாந்தாகூடக் கையை நிறுத்தினாள். அது முடிந்ததும் ஒரு துரைசாணி வந்து இங்கிலீஷ் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். இது பேனா, அது மேசை, பேனா மேசையின் மேல் இருக்கிறது. கேசட் முடிகிறவரைக்கும் அந்தப் பேனா மேசையை விட்டு இறங்கவில்லை. உனக்கென்றே செய்த கேசட் அது. மூன்றுக்கு மேல் எண்ணவும் கடைசியில் கற்றுக் கொடுக்கிறாள்.

வச்சலாவைப் பற்றி எழுதியிருந்தாய். அவள் பேரைக் கெடுக்க எவனுக்கும் வாய் வராமல் செய்ய எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு முன்னால் உன்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை வலைக்கயிறு வாங்க செங்கல்பட்டு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் வச்சலாவே என்னைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர் டிரெயினிங் முடிந்து வந்துகொண்டிருந்தாள். கல்யாணப் பெண் மாதிரி வெட்கப்படுவாள் என்று பார்த்தால், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "மாமா, நீ ஊரெல்லாம் தேடறது இந்த ஊர்லயே கீது. நைனாவுக்கும் தெரியும். ஆனா சொல்லமாட்டாரு" என்றாள்.

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அவளோடு படிக்கிற மார்கரெட் வீட்டுக் கொட்டகை. மார்கரெட்டின் அண்ணன் சின்னராசு கித்தார் வாசிக்கிறான். அந்தப் பெண் மாதா கோயிலில் கழித்துப் போட்ட சின்ன ஆர்கனை வாசிக்கிறாள். பக்கத்தில் ஒரு பழைய ரேடியோ. அதை எந்த ஸ்டேஷனிலும் நிறுத்தாமல், இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் கரகரவென்று இரைய விட்டு, அந்த இரைச்சலை ஒரு மைக்கில் பிடிக்கிறார்கள். எல்லாம் ஒரு ஆம்ப்ளிபயர் வழியாக வருகிறது. அந்த ஆம்ப்ளிபயர் உறுமுகிறது பார், மாப்பிள்ளை. தண்ணீருக்கடியில் லாஞ்சு போகிறது.

வாசிப்பைக் கேட்டால் சிரிப்பு வரும். சின்னராசுக்கு இரண்டே இரண்டு மெட்டுதான் தெரியும், இரண்டும் ஒன்று போலவே இருக்கிறது. மார்கரெட் எதை வாசித்தாலும் ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த உறுமல் இருக்கிறதே! நான் அப்படியே ஒரு சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து போகும்போதுதான் அந்தப் பெட்டியின் பின்பக்கம் பெயிண்டில் எழுதியிருந்ததைப் பார்த்தேன். வாசு ரேடியோ சர்வீஸ், செங்கல்பட்டு.

என்னைக் குடிசை குடிசையாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலையவிட்டு, நீயும் பர்மா பஜாரில் போய் உறுமி, கடைசியில் சாமான் உன் பெட்டியிலேயே இருந்திருக்கிறது. அந்தக் கோஷ்டிதான் ஈடு. நான் சீர் கொண்டு வரும்போது பிள்ளையார் கோயிலிலிருந்து பந்தல்வரைக்கும் அவர்கள் வாசிக்க வேண்டும். மணையில் பட்டம் கட்டும்போதும் வாசிக்க வேண்டும். உன் பேர் எழுதின அந்தப் பெட்டியில்தான்.

சடையப்பன்


செங்கல்பட்டு
6-4-1978

மச்சான் அவர்களுக்கு,

அந்தப் பெட்டியை நான் காயலான் கடைக்குப் போட்டேன். அதற்கு எர்த் கம்பி கிடையாது, அதனால்தான் உறுமுகிறது; உள்ளே பாதி செத்துவிட்டது, தொட்டால் உதைக்கும். சின்னராசு அதைக் காயலான் கடையில் எடுத்திருக்கிறான். என் பேரை அழித்துவிட்டு வைத்துக்கொள் என்று மூன்று முறை ஆள் அனுப்பினேன். அழிக்கவில்லை. அந்தச் சத்தம் தெருவில் கேட்கும்போதெல்லாம் என்னை யாரோ திட்டுவது போலிருக்கிறது. அதனால்தான் உங்களிடம் சொல்லவில்லை. தெரிந்தேதான் சொல்லவில்லை.

என் சொந்த மகள் கல்யாணத்தில், கடப்பாக்கம் ஜனம் முழுக்க உட்கார்ந்திருக்கிற பந்தலில், என் பேர் எழுதின பெட்டி உறுமினால் அப்புறம் இந்த ஊரில் எவன் என்னை அழைப்பான்? சொந்த வீட்டுக்கே சரியாகச் செட் போடத் தெரியாதவன் என்பான். நான் சோறு தின்பது அந்தப் பேரில்.

முடியாது. நீங்கள் வந்தால் வாருங்கள், வராவிட்டால் போங்கள். என் பங்காளி ஒருவன் பட்டம் கட்டுவான். ஊர் ரெண்டு நாள் பேசும், மூன்றாவது நாள் வேறு எதையாவது பேசும்.

வாசுதேவன்


மகாபலிபுரம்
15-4-1978

மாப்பிள்ளைக்கு,

பங்காளி கட்டுவானாம். தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது பங்காளி பட்டம் கட்டினால் அதற்குப் பேர் என்ன தெரியுமா? ஆதியம்மாளைக் கேள். கேட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில், கையில் கரண்டி இருக்கும்.

சீர்ப் புடவை எடுத்தாகிவிட்டது. அரக்கு நிறம். சாந்தா தேர்ந்தெடுத்தாள். உனக்கு வேட்டி எடுக்கவில்லை.

சடையப்பன்


செங்கல்பட்டு
3-5-1978

மச்சான் அவர்களுக்கு,

கரண்டி இல்லை. வேறு மாதிரி நடந்தது. ஆதியம்மாள் வச்சலாவுக்குத் தைத்து வைத்திருந்த ரவிக்கைகளை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினாள். பார்த்தசாரதி வந்தபோது, கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவையுங்கள் என்று அவளே சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். தள்ளிவைத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்தக் கோஷ்டி வாசிக்கட்டும். அந்தப் பெட்டியில்தான். சின்னராசுவிடம் நானே போய்ப் பேசிவிட்டேன். நான் பந்தலில் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறேன்.

பத்திரிகையில் உங்கள் பேரைப் போட்டாகிவிட்டது. வைகாசி முகூர்த்தத்தில் மாற்றமில்லை. வாருங்கள்.

வாசுதேவன்


செங்கல்பட்டு
12-6-1978

மச்சான் அவர்களுக்கு,

போட்டோ வந்தது. எல்லாரும் பார்த்தார்கள். வச்சலா நெற்றியில் பட்டம் இடது புருவத்தின் மேல் சரிந்து கிடக்கிறது. பக்கத்தில் நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறீர்கள். பெண்ணும் தலையைக் குனிந்து தோள் குலுங்குகிறாள். கட்டி முடித்ததும் எடுத்தது ஒன்று, கொஞ்சம் கழித்து எடுத்தது ஒன்று, இரண்டிலும் இப்படித்தான். மணமேடையில் யாராவது சிரிப்பார்களா? பார்த்தசாரதி போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தங்கள் பக்கத்து ஆட்களைப் பற்றித்தான் ஏதோ சொல்லிச் சிரித்தீர்களோ என்று கேட்கிறார்.

என் மேல் தப்பு என்ன, சொல்லுங்கள். வாசிக்கச் சொன்னீர்கள், வாசிக்க வைத்தேன். அந்தப் பெட்டியில் வேண்டும் என்றீர்கள், அந்தப் பெட்டிதான். முதல் நாள் சாயங்காலம் அதைக் கொண்டுவந்து பந்தலில் வைத்தார்கள். என் பேர் எழுதியிருக்கிற பெட்டி. மூடியைக் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. கழற்றினவன் எர்த் கொடுக்காமல் எப்படி மூடுவேன்? உள்ளே செத்திருந்ததை மாற்றினேன். அந்த ரேடியோவும் ஸ்டேஷனில் நிற்காமல் அலைந்துகொண்டிருந்தது, அதையும் திருகிச் சரியாக நிறுத்தி வைத்தேன். நீங்கள் சீர்த் தட்டோடு வருகிற நேரம் பார்த்து அதில் யூரியா எப்போது தூவ வேண்டும் என்று விவசாயிகளுக்குச் சொல்வார்கள் என்று நான் கண்டேனா?

அதை விடுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நீங்கள் பட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மணைக்கு முன்னால் நின்றீர்கள். சின்னராசு வாசித்தான். கண்ணாடி மாதிரி சுத்தமாக வந்தது. நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். கட்டவில்லை. ஐயர் இரண்டு தடவை சொன்னார், கட்டவில்லை. ஆதியம்மாள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். மறுபடி மூடியைக் கழற்றி எர்த் கம்பியைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போது வச்சலா தலை நிமிராமல் உங்களிடம் ஏதோ சொன்னாள். உடனே சிரித்தீர்கள், கட்டினீர்கள்.

என்ன சொன்னாள்? கேட்டேன், சொல்லாமல் கடப்பாக்கம் போய்விட்டாள். ஆதியம்மாள் குழம்பில் மீன் போட ஆரம்பித்துவிட்டாள், ஆனால் அவளுக்கும் தெரியவில்லை.

வாசுதேவன்


மகாபலிபுரம்
20-6-1978

மாப்பிள்ளைக்கு,

பார்த்தசாரதியிடம் சொல், அவர்கள் ஆட்களைப் பற்றிச் சிரிக்கவில்லை என்று. அவர்களைப் பற்றிச் சிரிக்க அன்றைக்கு எனக்கு நேரம் எங்கே இருந்தது? நீ ஒருவனே பந்தல் முழுக்க நிறைந்திருந்தாய்.

இந்த உலகத்தில் தப்பு செய்யக்கூடத் துப்பில்லாத மனிதன் நீ. அழிக்காதே என்று கொடுத்தால் அழிப்பாய். சரி, பழுதாகவே இருக்கட்டும் என்று கெஞ்சினால் ரிப்பேர் செய்து வைப்பாய். நான் அரக்குப் புடவையும் மாலையும் தட்டில் எடுத்துக்கொண்டு தெருவில் திரும்புகிறேன், என் கோஷ்டி எங்கே என்று காதைத் தீட்டிக்கொண்டு வருகிறேன், ஒருவன் எனக்கு யூரியா போடச் சொல்கிறான். எனக்கு இருப்பது உப்புத் தரை, அதில் யூரியா போட்டு நான் என்ன மீனா முளைக்க வைக்கப்போகிறேன்? சின்னராசு வாசிக்கிறான், உறுமல் இல்லாமல் கேட்டால் பூஜை மணி மாதிரி இருக்கிறது. அவனும் பாவம், பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான், என்ன ஆயிற்று என்று.

ஒளிக்காமல் சொல்கிறேன். பட்டத்தைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் நின்றேன். விளையாட்டில்லை. தங்கச்சி முகத்தைப் பார்த்தால் கட்டிவிடுவேன் என்று அவள் பக்கம் திரும்பவே இல்லை, உன்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் எந்த நல்ல காரியமும் செய்யத் தோன்றாது.

அப்போதுதான் அவள் பேசினாள். இத்தனை நகைக்கும் பூவுக்கும் கீழே இருந்து, உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி:

"மாமா, ராத்திரியே சொன்னேன், எர்த் குடுக்காத நைனான்னு. கேக்கல. நீ இப்ப கட்டலன்னா அவரு அடுத்தது உனக்கும் எர்த் குடுத்துடுவாரு. சீக்கிரம் கட்டு, கழுத்து நோவுது."

அதற்கப்புறமும் கட்டாமல் நின்றிருந்தால் நான் தாய்மாமன் இல்லை. மைக் செட்காரன்.

சடையப்பன்